வகுப்புக்குப் போகாமல் இருந்து கட்டண உயர்வைத் தடுக்க முடியுமா? கியூபெக், 2012

கேள்வி இது: பல்கலைக்கழக மாணவர்கள் கட்டண உயர்வை எதிர்த்து வகுப்புகளைப் புறக்கணித்தால் நஷ்டம் அவர்களுக்குத்தானே? அப்படிப் போராடி எங்காவது வென்றிருக்கிறார்களா?

வென்றிருக்கிறார்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2012-இல் நடந்தது அதற்குச் சரியான உதாரணம். அங்கே மாணவர்கள் அரசின் கட்டண உயர்வை முடக்கினார்கள்; அந்த அரசும் தேர்தலில் போயிற்று. ஆனால் அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தெருவில் திரண்ட கூட்டத்தையும் கண்ணீர்ப்புகையையும் காட்டிவிட்டு “இளைஞர் எழுச்சி” என்று முடித்துவிடுகிறார்கள். என் பார்வையில் வெற்றிக்குக் காரணம் இரண்டு சலிப்பூட்டும் விஷயங்கள்: கல்லூரி நாட்காட்டி, மாணவர் சங்கப் பொதுக்கூட்டத்தின் நடைமுறை விதிகள். கூட்டம் எத்தனையோ ஊர்களில் கூடுகிறது, கலைகிறது.

முதலில் நஷ்டக் கணக்கு. ஒரு மாணவன் வகுப்புக்கு வராவிட்டால் அது அவனுடைய வருகைப் பதிவேட்டுப் பிரச்சினை. ஒன்றரை லட்சம் பேர் வராவிட்டால் அது கல்வித் துறையின் பிரச்சினை. கியூபெக்கில் பள்ளிப் படிப்பு பதினோராம் வகுப்போடு முடிகிறது. அதற்குப் பிறகு பல்கலைக்கழகம் போக விரும்புகிறவர்கள் இரண்டு ஆண்டுகள், செவிலியம் போன்ற தொழிற்படிப்பு படிக்கிறவர்கள் மூன்று ஆண்டுகள், சீஜெப் என்ற பொதுக் கல்லூரியில் படிக்க வேண்டும். 1967-இல் தொடங்கப்பட்ட இந்தக் கல்லூரிகளில் ஒரு பருவத்துக்குக் குறைந்தது 82 நாட்கள் கல்வி நடக்க வேண்டும் என்பது விதி. ஜனவரியில் தொடங்கும் பருவம் 82 நாளை எட்டாமல் நின்றுபோனால் என்ன ஆகும்? மேலே, பல்கலைக்கழக முதலாண்டு வகுப்புகளுக்குச் செப்டம்பரில் ஆள் இருக்காது. கீழே, பள்ளி முடித்து வரும் புதிய பிள்ளைகளுக்கு இடம் இருக்காது. மருத்துவமனைகளுக்குப் புதிய செவிலியர் வரமாட்டார்கள். ஆசிரியர்களின் ஒப்பந்தத்தைத் திருத்தி, கோடையில் பாடம் நடத்தக் கூடுதல் சம்பளம் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் மாணவர் சங்கங்கள் அறிந்திருந்தன. ஒரு முழுப் பருவத்தை ரத்து செய்யும் துணிவு எந்த அரசுக்கும் வராது என்பதுதான் அவர்கள் வைத்த பந்தயம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. சீஜெப் மாணவர்கள் கல்விக் கட்டணமே கட்டுவதில்லை. ஆனாலும் போராட்டத்தின் முதுகெலும்பாக நின்றவர்களில் அவர்களும் உண்டு. உயர்வு அவர்களுக்காகத்தான் காத்திருந்தது.

கட்டணத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1960-களில் கியூபெக் கல்வியைத் திருச்சபையின் கையிலிருந்து அரசு எடுத்துக்கொண்ட காலத்தில், படிப்படியாக உயர்கல்வியும் இலவசமாக வேண்டும் என்று அரசு அமைத்த ஆணையமே சொன்னது. இலவசம் வரவில்லை, உறைநிலை வந்தது. 1968 முதல் 1990 வரை ஆண்டுக் கட்டணம் சுமார் 540 டாலரிலேயே நின்றது. பிறகு நான்கே ஆண்டுகளில் மூன்று மடங்காகி 1,668 டாலர் ஆனது. 1994 முதல் 2007 வரை மறுபடியும் உறைநிலை. 2007 முதல் ஆண்டுக்கு 100 டாலர் வீதம் ஏறி 2,168-இல் வந்து நின்றது. இந்த நிலையில், 2011 மார்ச் பட்ஜெட்டில் ழான் ஷாரேயின் லிபரல் அரசு அறிவித்தது: 2012 இலையுதிர் காலம் முதல் ஆண்டுக்கு 325 டாலர், ஐந்து ஆண்டுகளுக்கு. மொத்தம் 1,625 டாலர் உயர்வு, 75 சதவீதம்.

அரசின் வாதத்தை ஏளனம் செய்துவிட்டுப் போக முடியாது. உயர்வுக்குப் பிறகும் 3,793 டாலர்தான். அப்போதே கனடாவின் சராசரி 5,300 டாலருக்கு மேல், பக்கத்து மாகாணமான ஒன்டாரியோவில் 6,000-த்தையும் தாண்டியிருந்தது. உயர்வில் கிடைக்கும் பணத்தில் 35 சதவீதம் ஏழை மாணவர் உதவிக்கே திரும்பும் என்றார்கள். பல்கலைக்கழகங்கள் நிதிப் பற்றாக்குறையில் இருக்கின்றன, மாணவர்களும் தங்கள் “நியாயமான பங்கை”ச் செலுத்தட்டும் என்றார்கள். பின்னர் உயர்வை ஏழு ஆண்டுகளாகப் பரப்பியபோது, வரிச்சலுகை போக ஒரு நாளைக்கு ஐம்பது சென்ட்தானே என்று முதல்வர் கணக்குச் சொன்னார். பொதுமக்களில் பெரும்பான்மை இதை ஏற்றுக்கொண்டது என்பதும் உண்மை.

மாணவர்களின் பதில் எளிமையானது. கியூபெக்கில் கட்டணம் குறைவாக இருப்பது யாரும் போட்ட பிச்சை அல்ல. 1968-இலிருந்து ஒவ்வொரு தலைமுறையும் வேலைநிறுத்தம் செய்து காப்பாற்றியது. 1996-இல் கட்டணத்தை உயர்த்த முயன்ற கல்வி அமைச்சர் போராட்டத்துக்குப் பிறகு பின்வாங்கினார். 2005-இல் இதே ஷாரே அரசு உதவித்தொகையில் 10.3 கோடி டாலரை வெட்டி அதைக் கடனாக மாற்றப் பார்த்தது. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் வெளியே வந்தார்கள், அந்தப் பணம் திரும்பியது. நெஞ்சில் குத்திக்கொள்ளும் சிவப்புத் துணிச் சதுரம் மாணவர்களின் சின்னமானது அந்தப் போராட்டத்தில்தான். கடனில் மூழ்கியவன் என்பது அதன் பொருள். ஆகவே 2012-இல் இறங்கியவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அண்ணன், அக்காள் செய்ததைத்தான் செய்தார்கள், இன்னும் நீளமாக.

இனி சங்கங்கள். இங்கேதான் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். 1983-இல் கியூபெக் இயற்றிய ஒரு சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற மாணவர் சங்கத்தில் அந்த நிறுவனத்தின் எல்லா மாணவரும் தாமாகவே உறுப்பினர். சந்தாவைக் கல்லூரியே வசூலித்துச் சங்கத்திடம் கொடுக்க வேண்டும். அதாவது சங்கம் என்பது நான்கு ஆர்வலர்களின் அறை அல்ல. அறையும் அச்சகச் செலவும் சம்பளம் வாங்கும் அலுவலரும் சட்டப்படி கிடைக்கிற நிறுவனம். மேல்மட்டத்தில் மூன்று முக்கிய அமைப்புகள். பல்கலைக்கழக மாணவர் கூட்டமைப்புக்கு மார்ட்டின் தேஷார்தென் தலைவர், சீஜெப் கூட்டமைப்புக்கு லேயோ ப்யூரோ-ப்ளுவான். இவர்கள் இருவரும் பேச்சுவார்த்தைக்காரர்கள். மூன்றாவது, இடதுசாரிச் சங்கங்கள் இந்தப் போராட்டத்துக்காகவே விரிவாக்கிய ‘கிளாஸ்’ என்ற கூட்டணி. அதன் முகமாகத் தொலைக்காட்சியில் தெரிந்தவர் கப்ரியேல் நதோ-துபுவா. அவரைத் தலைவர் என்று சொல்லக்கூடாது. அந்த அமைப்பில் தலைவர் பதவியே இல்லை. அவர் பேச்சாளர்களில் ஒருவர். கூட்டங்கள் தீர்மானிக்காததை அவர் பேசவும் முடியாது. “நீங்கள் வன்முறையைக் கண்டிக்கிறீர்களா?” என்று அமைச்சரும் ஊடகங்களும் வாரக்கணக்கில் அவரைக் குடைந்தபோது, “எனக்கு அதற்கு அதிகாரம் தரப்படவில்லை” என்று அவர் சொன்னது பலருக்கு எரிச்சலூட்டியது. அரசு எரிச்சலோடு சிக்கிய இடமும் அதுதான்: தலைவரே இல்லாத இடத்தில் யாரை அழைத்துச் சமாதானம் செய்வது?

அந்தக் கூட்டங்கள் எப்படி நடந்தன? கல்லூரி உணவகத்திலோ உடற்பயிற்சிக் கூடத்திலோ நூற்றுக்கணக்கானோர், சில இடங்களில் ஆயிரத்துக்கு மேல், வந்து உட்காருவார்கள். கூட்டத் தலைவர் ஒருவர், குறிப்பெடுப்பவர் ஒருவர். தீர்மானத்தை ஒருவர் முன்மொழிய இன்னொருவர் வழிமொழிய வேண்டும். ஒலிவாங்கி முன் வரிசை. முதல்முறை பேசுகிறவருக்கு முன்னுரிமை. திருத்தம், திருத்தத்துக்குத் திருத்தம், விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகலாமா என்று ஒரு வாக்கெடுப்பு, அப்புறம் கை தூக்கல். எண்ணிக்கை சந்தேகமாக இருந்தால் மறுபடியும் எண்ணல். மணிக்கணக்கில் ஓடும் இந்தக் கூத்தைப் பார்த்தால் ஜனநாயகத்தின் மீதே சலிப்பு வரும். ஆனால் இதில் மூன்று பூட்டுகள் இருந்தன. ஒன்று, தொடக்க வரம்பு: பல வளாகங்களிலிருந்து 20,000 மாணவர்களின் சங்கங்கள் ஆதரவாக வாக்களித்தால்தான் ‘கிளாஸ்’ வேலைநிறுத்தம் தொடங்கும். தனியாக இறங்கி அடிபடுகிற முட்டாள்தனத்துக்கு அங்கே இடமில்லை. இரண்டு, தீர்மானத்துக்கு ஆயுள் குறைவு. பல இடங்களில் வாரந்தோறும் கூடிப் புதுப்பிக்க வேண்டும். மூன்று, எதிர்க்கிறவர்களும் அதே அறையில் உட்கார்ந்து தோற்கிறார்கள், அல்லது ஜெயிக்கிறார்கள். மாண்ட்ரியலுக்குத் தென்மேற்கே வாலிஃபீல்ட் சீஜெப்பில் 2012 பிப்ரவரி 7 அன்று வேலைநிறுத்தம் 12 வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. முதல் சீஜெப் வாக்கெடுப்பே அது. ஆதரித்தவர்களில் ஏழு பேர் கையை மாற்றித் தூக்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசிக்கலாம். பக்கத்து வளாகங்கள் அந்த முடிவுக்காகத்தான் காத்திருந்தன.

எல்லாரும் சேர்ந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆங்கில வழிப் பல்கலைக்கழகமான மெக்கில் பெரும்பாலும் விலகியே நின்றது. வணிகம், பொறியியல் மாணவர்களும் பொதுவாக அப்படியே. சமூக அறிவியல், கலை, இலக்கியத் துறைகளும் பிரெஞ்சு வழிச் சீஜெப்களும்தான் சுமையைத் தூக்கின. உயர்வை ஆதரித்து வகுப்பு நடக்க வேண்டும் என்றவர்கள் பச்சைச் சதுரம் குத்திக்கொண்டார்கள்.

வேலைநிறுத்தம் பிப்ரவரி 13 அன்று தொடங்கியது. மார்ச் 22 அன்று மாண்ட்ரியலில் நடந்த ஊர்வலத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வந்தார்கள். அமைப்பாளர்கள் இரண்டு லட்சம் என்றார்கள். அன்று மட்டும் மாகாணத்தின் சுமார் நான்கு லட்சம் மாணவர்களில் மூன்று லட்சம் பேர் வகுப்புக்குப் போகவில்லை. அரசு அசையவில்லை. ஆறப்போட்டால் ஆறிவிடும் என்ற பழைய நம்பிக்கை. அதோடு, மாணவர் நடத்துவது வேலைநிறுத்தமே அல்ல, தனிநபர் புறக்கணிப்புதான் என்றது. இது வெறும் சொற்சண்டை அல்ல. தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, மாணவருக்கு இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு, “நான் கட்டணம் கட்டியிருக்கிறேன், எனக்குப் பாடம் நடத்து” என்று தனித்தனி மாணவர்கள் நீதிமன்றம் போய்த் தடையுத்தரவு வாங்கினார்கள். உத்தரவு கையில் இருந்தும் வாசலில் மறியல் நின்றதால் பல இடங்களில் வகுப்பு நடக்கவில்லை. மறியல் வரிசைகள் நியாயமானவை என்று தொலைக்காட்சியில் சொன்னதற்காக நதோ-துபுவா மீதே நீதிமன்ற அவமதிப்பு வழக்கு வந்தது. முதலில் தண்டனை, 120 மணி நேரச் சமூகப் பணி. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்ய, 2016-இல் கனடாவின் உச்ச நீதிமன்றமும் ரத்தானது சரியே என்றது.

ஏப்ரல் 20 அன்று நடந்ததை ஷாரே மறக்க விரும்புவார். வடக்குப் பகுதிச் சுரங்கத் திட்டங்களுக்கான மாநாட்டு அரங்குக்கு வெளியே போலீசாரும் மாணவர்களும் மோதிக்கொண்டிருந்தார்கள். உள்ளே தொழிலதிபர்கள் முன், வெளியே கதவைத் தட்டுகிறவர்களுக்கு வேலை கொடுக்கலாம், முடிந்தவரை வடக்கே தள்ளி, என்று அவர் நகைச்சுவை செய்தார். அரங்கம் சிரித்தது. அன்று மாலைக்குள் மாகாணம் முழுவதும் அதைக் கேட்டது, சிரிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, உயர்வை ஏழு ஆண்டுகளாகப் பரப்பி ஆண்டுக்கு 254 டாலர் என்று அரசு சலுகை காட்டியது. பெருக்கிப் பாருங்கள்: 1,778 டாலர். முன்பைவிடக் கூடுதல். கணக்குப் பாடம் படிக்காத கலைத்துறை மாணவர்கூட அதைக் கண்டுபிடித்துவிட்டார். எமிலி-காமலின் சதுக்கத்திலிருந்து ஒவ்வோர் இரவும் எட்டரை மணிக்கு ஊர்வலம் கிளம்பத் தொடங்கியது அந்த நாட்களில்தான். மே 4 அன்று விக்டோரியாவீல் என்ற சிறு நகரத்தில் ஆளுங்கட்சிக் கூட்டத்துக்கு வெளியே நடந்த மோதலில் ஒரு மாணவர் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். மார்ச்சிலேயே இன்னொருவருக்கு அப்படி ஆகியிருந்தது. மறுநாள், இரவு முழுவதும் நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. பொதுக்கூட்டங்கள் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டன. மே 14 அன்று கல்வி அமைச்சர் லின் போஷாம் பதவி விலகினார்.

மே 18 அன்று அரசு எடுத்த ஆயுதம் மசோதா 78. நிறுத்தப்பட்ட பருவம் ஆகஸ்ட் வரை தள்ளிவைக்கப்படும். 50 பேரோ அதற்கு மேலோ கூடினால் எட்டு மணி நேரம் முன்பே பாதையைப் போலீசுக்குச் சொல்ல வேண்டும். மீறினால் தனிநபருக்கு 1,000 டாலரிலிருந்து, சங்கத்துக்கு 1,25,000 டாலர் வரை அபராதம், மறுமுறை இரட்டிப்பு. இந்தச் சட்டம் செய்த நல்ல காரியம் ஒன்றுண்டு: அதுவரை மாணவர் விவகாரம் என்று வேடிக்கை பார்த்தவர்களை வீட்டை விட்டு வெளியே கொண்டுவந்தது. இரவு எட்டு மணிக்கு வில்லரே, ரோஸ்மோன் போன்ற குடியிருப்புப் பகுதிகளில் மாடி முகப்புகளில் பாத்திரச் சத்தம் தொடங்கும். பாட்டி ஒருத்தி மரக்கரண்டியால் வாணலியைத் தட்டுவாள், எதிர் வீட்டில் குழந்தை பால் சட்டியைத் தட்டும், கால் மணி நேரத்தில் தெருமுனையில் ஓர் ஊர்வலம் சேர்ந்துவிடும். யாரும் அழைக்கவில்லை, பாதை யாருக்கும் தெரியாது. எட்டு மணி நேரம் முன்பே போலீசுக்கு யார் சொல்வது? சிலியில் சர்வாதிகார எதிர்ப்புக் காலத்தில் பழக்கமான முறை இது. மே 28 அன்று வழக்கறிஞர்கள் கறுப்பு அங்கியோடு நடந்தார்கள். அதற்கு முந்தைய வாரம் ஒரே இரவில் மாண்ட்ரியலில் மட்டும் 518 பேரைப் போலீசார் சுற்றி வளைத்துக் கைது செய்திருந்தார்கள். இத்தனைக்கும் நடுவே ஒரு சீஜெப் தத்துவ ஆசிரியர் பாண்டா கரடி வேடத்தில் வந்து இரு தரப்பையும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். தத்துவம் படித்தால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு அவரைக் காட்டலாம்.

ஆகஸ்டில் ஷாரே தேர்தலை அறிவித்தார். வகுப்புகள் மீண்டும் திறக்கும்போது கலவரம் வரும், ஒழுங்கை விரும்பும் வாக்காளர் தன் பக்கம் வருவார் என்று அவர் கணக்குப் போட்டதாகப் பலரும் எழுதினார்கள். கலவரம் வரவில்லை. பெரும்பாலான சீஜெப் கூட்டங்கள் வகுப்புக்குத் திரும்ப வாக்களித்தன. வாராந்திர வாக்கெடுப்பின் பயன் இங்கேதான் தெரிகிறது: நுழையத் தெரிந்த கூட்டத்துக்கு வெளியேறவும் தெரிந்திருந்தது. செப்டம்பர் 4 தேர்தலில் எதிர்க்கட்சியான பார்ட்டி கியூபெக்குவா 54 இடங்களோடு சிறுபான்மை அரசு அமைக்கும் நிலைக்கு வந்தது. ஷாரே தன் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். இருபது வயது ப்யூரோ-ப்ளுவான் சட்டமன்றத்துக்குப் போனார். புதிய முதல்வர் பொலின் மருவா பதவியேற்ற மறுநாளே உயர்வை ரத்து செய்தார். 1996-இல் உயர்த்தப் பார்த்துப் பின்வாங்கிய அந்தக் கல்வி அமைச்சரும் இவரேதான்.

தள்ளிப்போன பருவத்தை ஆகஸ்ட், செப்டம்பரில் நெருக்கி நடத்தி முடித்தார்கள். கோடை வேலையையும் சம்பளத்தையும் பலர் இழந்தார்கள். படிப்பு ஆண்டு பறிபோகவில்லை.

முழு வெற்றியா என்றால், இல்லை. 2013 பிப்ரவரியில் கூடிய உயர்கல்வி மாநாடு உறைநிலையையும் ஏற்கவில்லை, இலவசத்தையும் ஏற்கவில்லை. ஆண்டுக்குச் சுமார் 3 சதவீதம், கிட்டத்தட்ட 70 டாலர், ஏறும் என்று முடிவானது. 325-க்குப் பதில் 70. பேரம் பேசத் தெரிந்தவர்கள் இதை வெற்றி என்பார்கள். இலவசக் கல்வி கேட்டவர்கள் ஏமாற்றம் என்றார்கள். நான் முதல் கட்சி. அதே அமைப்புகள் 2015 வசந்தத்தில் அரசின் சிக்கன நடவடிக்கைகள் அனைத்துக்கும் எதிராக மறுபடி வேலைநிறுத்தம் செய்து தோற்றன. திரும்பப் பெறச் சொல்லும் ஒற்றைத் தொகை இல்லை, தொழிற்சங்கங்கள் இன்னும் தயாராகவில்லை, தொடக்க வரம்பு பற்றிய பழைய எச்சரிக்கையும் தளர்ந்திருந்தது. பல்கலைக்கழக மாணவர் கூட்டமைப்பு அந்த ஆண்டே கலைந்தது. ‘கிளாஸ்’ கூட்டணியின் தாய் அமைப்பு 2019-இல் தன்னைத்தானே கலைத்துக்கொண்டது.

மற்ற நாடுகளோடு வைத்துப் பார்த்தாலும் நாட்காட்டிக் கணக்கு பொருந்துகிறது. பிரிட்டனில் 2010 இறுதியில் லண்டன் தெருக்கள் கொதித்தன, பல வளாகங்கள் முற்றுகையிடப்பட்டன. ஆனால் வகுப்புகள் பொதுவாக நடந்தன. டிசம்பர் 9 அன்று 323-க்கு 302 என்ற வாக்கில் கட்டண உச்சவரம்பு 9,000 பவுண்டாக உயர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் 2015 அக்டோபரில் விட்ஸ் பல்கலைக்கழகம் 10.5 சதவீத உயர்வை அறிவிக்க, போராட்டம் நாடெங்கும் பரவிப் பத்தே நாளில் அதிபர் ஜூமா அடுத்த ஆண்டுக்கு உயர்வே இல்லை என்று அறிவித்தார். அங்கே அக்டோபர் என்பது ஆண்டுத் தேர்வு நெருங்கும் மாதம். மெக்சிகோவின் தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தில் 1999 ஏப்ரலில் தொடங்கிய வேலைநிறுத்தம் பெயரளவிலான 20 சென்டாவோ கட்டணத்தைக் காப்பாற்றியது. ஆனால் கட்டணத்தைக் கட்டாயமாக்கும் திட்டம் கைவிடப்பட்ட பிறகும் முடிக்கத் தெரியாமல் ஒன்பது மாதத்துக்கு மேல் இழுத்து, 2000 பிப்ரவரியில் போலீஸ் உள்ளே நுழைந்ததில் முடிந்தது.

கடைசியாக ஒன்று. வேலைநிறுத்தம் காப்பாற்றியது கியூபெக் மாணவர்களின் கட்டணத்தை மட்டும்தான். வெளிநாட்டு மாணவர்களின் கட்டணம் 2019 முதல் பெரும்பாலான படிப்புகளில் பல்கலைக்கழகங்களின் விருப்பத்துக்கே விடப்பட்டது. இந்தியாவிலிருந்து போகிறவர்கள் கட்டுவது அந்தத் தொகையைத்தான். 2023-இல் பிற மாகாணக் கனடிய மாணவர்களின் கட்டணத்தைச் சுமார் 9,000-த்திலிருந்து 17,000 டாலராக்க அரசு அறிவித்து, எதிர்ப்புக்குப் பின் 12,000-இல் நிறுத்தியது. 2024 மார்ச்சில் கான்கார்டியா, மெக்கில் மாணவர் சங்கங்கள் சில நாட்கள் வேலைநிறுத்தம் செய்து பார்த்தன, பெரிதாக எதுவும் அசையவில்லை. கடைசியில் அந்த இரு பல்கலைக்கழகங்களே வழக்குப் போட்டு, 2025 ஏப்ரலில் கியூபெக் உயர் நீதிமன்றத்தில் அந்த உயர்வுக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கின.